சகலையின் கேமரா போனும் என் காண்ட்ராக்ட் போனும்

என் சகலை கேமரா போன் வாங்கிய செய்தி எனக்கு என் போனிலேயே வந்து சேர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து மாமனார் கூப்பிட்டிருந்தார். அப்போது ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மறு காதில் போனை அமுக்கிக்கொண்டேன்.

"மாப்ளே, சேதி தெரியுமா? சின்ன மாப்ளை புதுசா ஒரு போன் வாங்கிகினு வந்து காட்டினாரு. கலர்ல தெரியுது. போட்டோ புடிக்குது மாப்ளே! உங்க அத்தையப் புடிச்சாரு. அப்படியே உள்ளார உக்காந்துகினு சிரிக்கிறா!"

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றேன். அந்த 'சந்தோஷம்' வெளியே வருவதற்குள் தொண்டையில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். தொண்ணூற்றொன்றில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மண்டபத்தில், ஒரே மேளத்தில், ஒரே சமையலில் கல்யாணம் நடந்தது. மாமனாருக்கு அப்படி ஒரு சிக்கனம். மூத்தவள் கழுத்தில் முதலில் தாலி ஏற வேண்டும் என்று எனக்குக் கெட்டிமேளம் முதலில் கொட்டினார்கள். கொட்டி முடித்த கையோடு அவருக்கும் கொட்டினார்கள். அந்த இடைவெளியில்தான் நான் பெரிய மாப்பிள்ளை ஆனேன். என் பெருமை முழுக்க அந்த ஒரு இடைவெளியில்தான் கட்டப்பட்டது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு அன்றைக்கே அவர் மாலை என் மாலையைவிடக் கொஞ்சம் தடிமன். கல்யாண ஆல்பத்தைப் பார்க்கும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன்.

அப்புறம் நான் சைக்கிளில் இருந்தபோது அவர் ஸ்கூட்டர் வாங்கினார். நான் ஸ்கூட்டர் வாங்கியபோது அவர் பைக்குக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்குக் கலர் டி.வி. வந்த வாரம் அவர் வீட்டு டி.வி.க்கு ரிமோட் வந்தது. வேலையும் எனக்கு ஒரு சின்ன பார்ட்ஸ் கம்பெனி; அவருக்கு, அதே ரோட்டில், நாங்கள் செய்யும் பார்ட்டை வாங்கிப் பூட்டுகிற பெரிய லாரி கம்பெனி. நான் செய்வதை அவர் ரிஜெக்ட் செய்யக்கூடிய இடத்தில் ஆண்டவன் அவரை உட்கார வைத்திருந்தான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் முந்தினேன். செல்போன். எங்கள் பக்கத்தில் கையில் செல்போன் வைத்திருந்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்ற காலத்தில், ஒரு கம்பெனி போனையும் கொடுத்து, நம்பரையும் கொடுத்து, மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் பில் கட்டினால் போதும் என்றது. நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். போன் சோப்புப் பெட்டி சைஸில் இருந்தது. தலையில் ஒரு கொம்பு. திரை பச்சை. அதற்குள் சிம் என்ற சமாசாரமே கிடையாது. நம்பர் போனோடு ஒட்டிப் பிறந்தது. வேறு கம்பெனி நம்பரை அதில் போடவும் முடியாது, அந்த நம்பரை வேறு போனுக்குக் கொண்டு போகவும் முடியாது.

அந்த நம்பர் கொஞ்ச நாளிலேயே ஊர்ச் சொத்தானது. படப்பையை அடுத்த எங்கள் தெருவில் எல்லாரும் அவரவர் சொந்தக்காரர்களுக்கு என் நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் மறக்காமல் 'பி.பி.' என்று எழுதினார்கள். லேண்ட்லைன் காலத்துப் பழக்கம். பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். அதை என் சட்டைப் பையில் இருக்கிற போனுக்கும் பொருத்திவிட்டார்கள். நான் மெஷின் முன்னால் நிற்பேன், "எதிர் வூட்டு அக்காவக் கொஞ்சம் கூப்புடுறீங்களா?" என்று செங்கல்பட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும். கம்பெனி பஸ் டிரைவர் தாம்பரம் தாண்டியதும் எனக்குத்தான் போன் போடுவார். நான் தெருமுனையில் நின்று "பஸ் கெளம்பிடுச்சு!" என்று ஒரு குரல் கொடுத்தால் எட்டு வீட்டில் வாயில் இட்லியோடு ஆட்கள் ஓடி வருவார்கள். மாமனார் வீட்டில் மோட்டார் ஓடவில்லையா, மாடு கன்று போட்டதா, முதல் போன் எனக்கு. "எந்நேரமும் தொல்லை" என்று எல்லாரிடமும் அலுத்துக்கொள்வேன். அலுத்துக்கொள்வதில் எனக்கு இருந்த சுகம் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரியும்.

இப்போது சகலை போட்டோ பிடிக்கிறாராம். அத்தை உள்ளே உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வாலாஜாபாத் போனேன். மாமியாருக்குக் கால்வலி என்று கேள்விப்பட்டதாகச் சொன்னேன். மாமியார் அப்போது ஏணி மேல் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். சகலை ஏற்கெனவே வந்திருந்தார். போன் அவர் உள்ளங்கையில் குருவிக் குஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. நடுவில் மடியும். திறந்தால் நீல வெளிச்சம்.

"இன்னா சகல, நல்லா கீதா?" என்றார்.

"சின்னதா இருக்குதே, காது வரைக்கும் எட்டுமா?"

"உன்னுது மாதிரி இருந்தா திருடன் வந்தா அடிக்கலாம். அந்த வசதி இதுல இல்ல."

வீடே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அவள் தங்கை சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அன்றைக்கே இன்னொரு விஷயமும் முடிவானது. மச்சினனுக்குப் பெண் அமைந்துவிட்டது. மணிமங்கலத்துப் பெண். நிச்சயதார்த்தம் பெண் வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டு எடுத்துக்கொண்டு வேனில் போக வேண்டும். மாமனார் என்னைப் பார்த்து, "பெரிய மாப்ளை நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும். பொண்ணு வூட்டாருக்கு உங்க நம்பரைத்தான் குடுத்துகிறேன்" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் சகலை நீல வெளிச்சத்தைத் திறந்து மச்சினனை ஒரு போட்டோ எடுத்தார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. என் காலம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் முன்னால் நான் இந்தச் சோப்புப் பெட்டியை எடுத்துக் கொம்பை இழுத்துவிட்டுப் பேசுகிற காட்சி தினமும் கண்ணுக்குள் ஓடியது. பக்கத்தில் சகலை; பெண் வீட்டுச் சனம் முழுக்க அவரைச் சுற்றி. தூக்கத்தில் "கலர், கலர்" என்று சொன்னதாக மனைவி சொன்னாள். பெயின்ட் அடிக்கப் போகிறோமாக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

முதல் ஷிப்ட் முடிந்ததும் தாம்பரத்தில் இருந்த போன் கம்பெனிக் கடைக்குப் போனேன். கவுன்டரில் ஒரு பெண். முகத்தில் மாறாத ஒரு புன்னகை.

"மேடம், நான் உங்க பழைய கஸ்டமர். கேமரா வச்ச போனா மாத்திக் குடுங்க."

கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சார், நீங்க காண்ட்ராக்ட்ல இருக்கீங்க. அது முடியாம அப்கிரேட் பண்ண முடியாது."

"சரி, நான் வேற கம்பெனிக்குப் போறேன்."

"தாராளமா போலாம் சார்."

இவ்வளவு சுலபமா என்று எழுந்தேன்.

"நம்பர் எங்களோடது சார், அது கூட வராது. பில்லும் காண்ட்ராக்ட் முடியிற வரைக்கும் வந்துகிட்டேதான் இருக்கும்."

திரும்ப உட்கார்ந்தேன். என் கல்யாணத்தில்கூட ஐயர் என்னிடம் இவ்வளவு நிபந்தனை சொல்லவில்லை.

"ஒருவேளை போன் கெட்டுப் போச்சுன்னா?"

"கெட்டுப் போச்சா சார்?"

"இன்னும் இல்ல."

அந்தப் பெண்ணின் புன்னகை அப்போது கொஞ்சம் நிஜமானது போலத் தெரிந்தது.

மறுநாள் லைனில் இருந்த ஒருவன் அடித்துச் சொன்னான். "சார், போன் செத்தா காண்ட்ராக்ட்டும் செத்துடும். என் மச்சான் அப்படித்தான் வெளிய வந்தான்." அவன் மச்சான் எதிலிருந்து வெளியே வந்தான் என்று நான் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. உதிரி வைக்கும் ரேக்கின் உச்சித் தட்டுக்கு ஏணி போட்டு ஏறினேன். எதையோ எண்ணுவது போல் பாவனை செய்துகொண்டே, கை தவறியது போல் போனை விட்டேன்.

டமால் என்று ஒரு சத்தம். ஆடிட்டுக்காகப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்த தரை கால் ரூபாய் அகலத்துக்குப் பெயர்ந்தது. போன் இரண்டு குட்டிக்கரணம் போட்டு மெஷின் அடியில் போய் நின்றது. நின்றதும் மணி அடித்தது. எடுத்தேன். மாமனார்.

"மாப்ளே, வேனு பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன் மாமா."

"குரலு இன்னிக்குப் பளிச்சுனு கேக்குது மாப்ளே. புது போனா?"

தரைக்கு மெமோ வந்தது. போனுக்கு ஒரு கீறல் இல்லை.

கடைசியில் துணிந்துவிட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வியாழக்கிழமை இன்னொரு கம்பெனி சிம்மும், சகலையுடையதைவிட ஒரு விரல்கடை பெரிய திரை வைத்த கேமரா போனும் வாங்கினேன். பழையதை என்ன செய்வது? பில் எப்படியும் வரத்தான் போகிறது. மனைவி கையில் கொடுத்து, "சும்மாதானே கெடக்குது, நீ வச்சிக்கோ. யாராச்சும் எனக்குப் பண்ணா புது நம்பரைச் சொல்லிடு" என்றேன். ராஜா பழைய சால்வையைக் கொடுப்பது மாதிரி ஒரு தோரணையில் கொடுத்தேன். அவள் அதை முந்தானையால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி கையை நீட்டினார்.

"கேமரா போனா சார்? உள்ள விடக்கூடாது. இங்க குடுத்துட்டுப் போங்க."

"யோவ், நான் சூப்பர்வைசர்யா."

"எம்.டி. வந்தாலும் வாங்கி வச்சிக்க சொல்லிக்கிறாங்க சார். உள்ளார மெஷின போட்டோ புடிச்சிடுவாங்களாம்."

ஒரு அலுமினிய டோக்கனைக் கொடுத்தார். செருப்புக்குக் கோயிலில் கொடுப்பார்களே, அதே மாதிரி. பழைய போன் இருந்தவரை அவர் என்னைக் கேட்டதே இல்லை. கேட்க அதில் என்ன இருக்கிறது? நாள் முழுக்க என் புது போன் செக்யூரிட்டி ரூம் அலமாரியில் படுத்திருந்தது. சாயங்காலம் வாங்கித் திறந்து பார்த்தேன். ஒரு மிஸ்டு கால் கூட இல்லை. புது நம்பர், யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்தால் வாசலில் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். கையால் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். "தட்டு இருபத்தொண்ணு எடுத்துகினு வரோம்ங்க. ஒத்தப்படையாத்தான் வரணும், நீங்களும் எதிர்த்தட்டு அதே மாதிரி வச்சிருங்க. சாப்பாட்டுக்கு அம்பது பேரு போதும். எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் வெங்காயம் இல்லாம..."

"யாரு?" என்றேன், அவள் வைத்ததும்.

"பொண்ணோட தாய்மாமா."

"என் நம்பரைக் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தேங்க. 'அதெல்லாம் எதுக்கும்மா, நீங்களே சொல்லிடுங்க'ன்னுட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறியதிலிருந்து அந்தச் சோப்புப் பெட்டி அடித்துக்கொண்டே இருந்தது. பெண் வீட்டார், ஐயர், பூக்காரர், பின்னால் வந்த இரண்டாவது வேன் டிரைவர். ஒவ்வொருவருக்கும் என் மனைவி கொம்பை இழுத்துவிட்டுப் பதில் சொன்னாள். இரண்டாவது வேன் படப்பையில் வழி தவறி வேறு ரோட்டில் போய்விட்டது. "எந்தக் கடை தெரியுதுன்னு சொல்லுங்க... ஆ, அப்படியே திருப்பி வாங்க, ஏரிக்கரைல நாங்க நிக்கிறோம்." வேனில் இருந்த கிழவர்கள் எல்லாம் என்னைக் கேட்பதை விட்டுவிட்டு அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் புது போனைத் திறந்து மூடித் திறந்து மூடி நீல வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தேன். பகலில் அது தெரியவே இல்லை.

மணிமங்கலத்தில் இறங்கியதும் பெண்ணின் தாய்மாமன் கைகூப்பிக்கொண்டு வந்தார். நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு முன்னால் போனேன். அவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"போன்ல பேசின அம்மா எங்க?"

முதல் தாம்பூலத்தை அவளிடம்தான் கொடுத்தார்கள். "எல்லாத்தையும் ஒத்த ஆளா நின்னு பாத்துக்கினாங்கப்பா" என்று சபையில் சொன்னார்கள். மாமனார் உச்சி குளிர்ந்து, "எம் பெரிய பொண்ணு" என்றார். பெரிய மாப்பிள்ளை என்று அவர் சொல்வார் என நான் எழுந்திருக்கப் பார்த்தது யார் கண்ணிலும் படவில்லை என்றே நினைக்கிறேன்.

"மாப்ளே" என்று அப்புறம் என்னைக் கூப்பிட்டார்தான். "உங்க போன்லயும் போட்டோ புடிக்குமாமே? சின்ன மாப்ளை அந்தப் பக்கம் நிக்கிறாரு. நீங்க இந்தப் பக்கம் நின்னு புடிங்க."

ஆக அன்றைக்குப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு சகலைகள் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். தட்டு மாற்றியபோதும் நாங்கள் நின்றோம். குடும்பத்தோடு எல்லாரும் வரிசையாக நின்றபோதும் நாங்கள் எதிரே நின்றோம். அந்த நிச்சயதார்த்தத்தின் எந்தப் படத்திலும் மருமகன்கள் கிடையாது. எடுத்த படங்களும் போனைவிட்டு வெளியே வரவில்லை. அதற்கு ஏதோ ஒயர் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருப்பதெல்லாம் ஸ்டுடியோக்காரர் எடுத்தது. அதில் நடுவில் என் மனைவி, இடுப்பில் கொம்பு நீட்டிக்கொண்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் போய் நின்றோம். சகலை பல் குத்திக்கொண்டே என் போனை வாங்கிப் பார்த்தார்.

"பெருசா கீதே."

"ம்."

"கேட்ல இன்னா சொன்னாங்க?"

திடுக்கிட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் டோக்கன்தான் சகல. வாங்கின மறுநாளே. ரெண்டு நாளு குடுத்துப் பாத்தேன், மானம் போச்சு. இப்போ வூட்லயே டப்பால வச்சிட்டு வந்துடுறேன். ஞாயித்துக்கிழமை எடுத்தாந்து காட்டுறது, அவ்ளோதான்."

"அப்ப உனக்கு யாரும் பண்றதே இல்லியா?"

"யாரு பண்ணுவா? மாமாகூட உனக்குத்தான் பண்ணுவாரு. மாடு கன்னு போட்டா உனக்கு, மோட்டார் எரிஞ்சா உனக்கு. அந்தக் கொம்ப வச்சிகினு நீ 'தொல்லை, தொல்லை'ன்னு சொல்லுவியே, எனக்குப் பத்திகினு வரும்." என் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அத்தக் கொண்டுபோயி வூட்டுக்காரம்மா கைல குடுத்துட்டியே சகல. உனுக்குப் புத்தி இன்னா ஆச்சு?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும், பொறாமைப்படத் தக்க பொருளை நான் கைவிட்ட பிறகு. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நான் நின்றபோது, பந்தலுக்குள்ளிருந்து அந்த மணி அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பையைத் தொட்டோம். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கையை எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவி தெருமுனையில் நின்று "பஸ் கெளம்பிடுச்சாம்!" என்று குரல் கொடுத்தாள். எட்டு வீட்டிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். ஒன்பதாவதாக நான் ஓடினேன். பஸ்ஸில் ஏறியதும் டிரைவர், "உங்க வூட்டம்மா நல்லா பதில் சொல்றாங்க சார். நீங்க எப்பவும் சிடுசிடுப்பீங்க" என்றார். செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்தேன். டோக்கன் வாங்கினேன். மெஷின் பக்கத்தில் பழக்கத்தில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நயமாக ஆரம்பித்தேன்.

"உனக்கு அந்தக் கனமான போனு எதுக்கு? இடுப்பு வலிக்கும். இந்தா, கேமரா போன் வச்சிக்கோ. கலர்ல தெரியும். பழச என்கிட்ட குடுத்துடு."

அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, வாய்ப் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். எதிர்முனையில் செங்கல்பட்டுக் குரல் எதிர் வீட்டு அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"காண்ட்ராக்ட்ல கீதுங்க. நடுவுல மாத்த முடியாது" என்றாள். பிறகு எதிர் வீட்டைப் பார்த்து, "அக்கா, உனக்கு போனு!" என்று கத்தினாள்.